அது சிம்சோன் படம் இல்லை, தாவீது படம்

சின்ன வயதில் டிவியில் பார்த்த படம், மாடியில் நின்று ஒரு பெண் குளிப்பதைப் பார்க்கும் ராஜா, பெட்டியைத் தொட்டவன் செத்து விழுவது, கடைசியில் மழை, சிம்சோன் கதையான 'சாம்சன் அண்ட் டிலைலா'வை முழுக்கப் பார்த்தும் இதெல்லாம் வரவில்லை என்கிறீர்கள். வராது. நீங்கள் தேடுவது 1951இல் வந்த 'டேவிட் அண்ட் பத்ஷேபா'. கிரிகரி பெக்தான் ராஜா தாவீது, சூசன் ஹேவர்ட் அந்தக் குளிக்கும் பெண் பத்சேபாள், இயக்கம் ஹென்றி கிங்.

சாய்ந்த உடன்படிக்கைப் பெட்டியை, அதாவது கடவுளின் கட்டளைப் பலகைகள் வைத்த புனிதப் பெட்டியை, தாங்கப் போய் ஒருவன் சாகிறானே, அது பைபிளில் 2 சாமுவேல் புத்தகத்தின் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, பத்சேபாள் கதை 11ஆம் அதிகாரம். ஆனால் கடைசியில் தாவீதே அந்தப் பெட்டியில் கை வைப்பதும் மழை கொட்டுவதும் பைபிளில் கிடையாது, படத்துக்காகச் சேர்த்தது, அதனால் அங்கே தேடி அலையாதீர்கள். தாவீது சின்ன வயதில் ராட்சதன் கோலியாத்தோடு போட்ட சண்டையும் கடைசிப் பகுதியில் பழைய நினைவாகத்தான் வரும்.

அப்புறம் ஒன்று, பெரிய போர்க்களம் எதிர்பார்த்து உட்காராதீர்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரமும் பேச்சுதான். எனக்கு அதுதான் பிடித்தது, குற்ற உணர்ச்சியில் பெக்கின் முகம் இறுகுவதைப் பார்க்கவே இன்னொரு தடவை போடலாம்.