தேன்கனிக்கோட்டையில் ஒரு சீரழிந்த காட்டில் 10 செ.மீ. விட்டத்துக்கு மேலிருந்த மரங்களை அளந்தேன். அந்த விட்டங்களுக்கு வெய்புல் பரவல் (எந்தப் பருமனில் எத்தனை மரம் என்பதை ஒரே வளைவாகக் காட்டும் புள்ளியியல் சூத்திரம்) பொருந்துமா?

பொருந்தும். அதை வைத்து 'காடு மீண்டு வருகிறது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் எழுதி மாட்டிக்கொண்டவன்.

முதுகலை ஆய்வுக்காகப் பென்னாகரம் பக்கம் அளந்தேன். ஆச்சா, வெக்காளி, உசிலை கலந்த வறண்ட காடு. 5 செ.மீ. விட்டத்துக்கு மேலிருந்த எல்லாவற்றையும் எடுத்தேன். சிறுசுகள் ஏராளம், பருமன் கூடக்கூட எண்ணிக்கை சரிந்தது. வெய்புல் வளைவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் எண்ணான வடிவ அளவுரு 1-க்குக் கீழே வந்தது, அதாவது மேடே இல்லாமல் தொடக்கத்திலிருந்தே சரியும் வளைவு. 1898-இல் லியோகூர் என்ற பிரெஞ்சு வனவியலாளர் சொன்ன அதே சரிவு, தலைகீழ் 'ஜே'. இளங்கன்றுகள் நிறைய வருகின்றன, காடு மீள்கிறது என்று எனக்கு ஒரே குஷி.

நாடா பிடிக்க வந்த ஊர்க்காரர்தான் கேட்டார்: "இதையெல்லாம் கன்னுன்னா எழுதற தம்பி? வெட்டுன கட்டையில துளுத்தது இது. அடியத் தள்ளிப் பாரு." சருகைத் தள்ளினால் பழைய வெட்டுக்கட்டை. அடுத்ததும் அப்படியே. நான் இளங்கன்று என்று எண்ணியதில் பெரும்பகுதி மறுதாம்பு, வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்த தண்டு. விதையில் முளைத்த கன்றை உண்ணிச்செடிப் புதருக்குள் தேட வேண்டியிருந்தது. அந்த வேறுபாடு வளைவுக்குத் தெரியாது. களக்குறிப்பில் 'விதையா, மறுதாம்பா' என்று ஒரு கட்டம் சேர்த்து மறுபடி நடந்தேன்.

நீங்கள் 10 செ.மீ.க்கு மேல் மட்டும் அளந்ததாகச் சொல்கிறீர்கள். ஒரே கட்டையில் 6 செ.மீ. தண்டு மூன்று நின்றால் என்ன செய்தீர்கள்? தனித்தனியாக எடுத்தால் மூன்றுமே கணக்கில் வராது. மூன்று விட்டங்களின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 10.4, மரம் உள்ளே வந்துவிடும். எந்த விதி என்பதைப் பொறுத்து வளைவின் இடது ஓரமே மாறும். (விட்டத்துக்குப் பதில் சுற்றளவு 30 செ.மீ. என்று எல்லை வைத்திருந்தால் அது 10 செ.மீ. விட்டம் அல்ல, 9.5.) கணினியில் வளைவின் தொடக்கப் புள்ளியை 0 என்று விட்டுவிட்டாலும் இல்லாத மேடு ஒன்று முளைக்கும், 10-இல் துண்டித்த வெய்புலைப் பொருத்துங்கள்.

வளைவின் நடுவில் பள்ளம் தெரிந்தால், அதாவது நடுத்தரப் பருமனில் மரங்கள் குறைந்திருந்தால், ஒற்றை வெய்புல் அதை மழுப்பிவிடும். கம்புக்கும் பந்தல்காலுக்கும் ஏற்ற பருமனைத்தான் முதலில் வெட்டுவார்கள். இரண்டு வெய்புல்களின் கலவையைப் போட்டுப் பாருங்கள், வெட்டுக்கட்டைகளின் விட்டத்தையும் பக்கத்திலேயே வரையுங்கள். ஆனால் அடிக்கட்டை மார்பளவு உயரத்து விட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும். அதே காட்டில் நிற்கிற சில மரங்களில் தரையோரமும் மார்பளவான 1.37 மீட்டரிலும் அளந்து, மாற்று விகிதம் எடுத்துக்கொண்ட பிறகே ஒப்பிடுங்கள்.