புது செல் போட்டும் வேப்பரைசர் அணைகிறது

செல்லை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். புது 18650 (ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல்) போட்டும் மூலிகை வேப்பரைசர் (காய்ந்த மூலிகையைச் சூடாக்கி ஆவியாக்கும் கருவி) சூடேறும்போதே அணைகிறது என்றால், ஹீட்டர் கேட்கும் ஆம்பியரை (மின்னோட்டத்தை) அந்தச் செல்லால் தர முடியவில்லை என்றுதான் தோன்றுகிறது. உறையில் 9900 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று போட்டிருக்கிறதா? சந்தேகமே வேண்டாம், போலி. நல்ல 18650 பெரும்பாலும் 3500 பக்கம்தான் நிற்கும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. ஊட்டி மார்கழிக் குளிரில் நல்ல செல்லே சோம்பிவிடும். கருவியை அணைத்து அரை மணி நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்திருந்து, அப்புறம் போட்டுப் பாருங்கள். (தனி செல்லைச் சில்லறையோடு பையில் போட்டுவிடாதீர்கள், ஷார்ட் ஆகும்.) அப்போதும் அணைந்தால் முனைகளைத் துடையுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் அதிக ஆம்பியர் தரும் செல் வாங்குங்கள்.

உறைபனி இரவில் வெளியே வைத்து மட்டும் சார்ஜ் போடாதீர்கள்; பூஜ்ஜியத்துக்குக் கீழே செல் உள்ளுக்குள் கெட்டுவிடும்.