திறந்த மூல மென்பொருளுக்கு மாறுதல் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் நிறுவனம், நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய திறந்த மூல மென்பொருளுக்கு மாறி, ஓராண்டுக்குள் பழையதற்கே திரும்பிவிட்டது. அதே மென்பொருளை வைத்துக்கொண்டு எத்தனையோ நிறுவனங்கள் நன்றாகவே இயங்குகின்றன. அவர்களுக்கு மட்டும் எப்படிக் கைகூடுகிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எதை முதலில் மாற்றினார்கள், மாற்றிய பிறகு அதைப் பேணும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்ற இரண்டையும் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பிரான்ஸின் ஜாந்தார்மரி காவல்படை 2005இல் ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளுக்கும், அடுத்து ஃபயர்பாக்ஸ் உலாவிக்கும் தண்டர்பேர்டு அஞ்சல் மென்பொருளுக்கும் மாறியபோது, கணினிகளில் விண்டோஸே இருந்தது. 2008இல் உபுண்டு என்ற லினக்ஸ் வகைத் திறந்த மூல இயங்குதளத்தைக் கொண்டுவரத் தொடங்கியபோது, காவலர் அன்றாடம் திறக்கும் கோப்பும் உலாவியும் அஞ்சல்பெட்டியும் அவருக்குப் பழகியவையாகவே இருந்ததால், அடியிலிருந்த இயங்குதளம் மாறியது அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பல நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் மாற்றிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் வசை வாங்கிக்கொள்கின்றன.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியோ 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய பிறகும், 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. இடையில் மேயரும் மாறியிருந்தார். தலைமையின் ஆதரவு விலகினால் பத்தாண்டு உழைப்பும் நிலைக்காது.

நிரலாளர்கள் தரப்பில் நான் முக்கியமாகக் கருதுவது, செய்த திருத்தத்தை, அந்த மென்பொருளை உருவாக்கும் மூலத் திட்டத்துக்கே திருப்பி அனுப்பும் பழக்கம். அவசரத்துக்கு ஒரு பிழையைத் தன் பிரதியில் மட்டும் சரிசெய்துகொள்ளும் நிரலாளர், அடுத்த பதிப்பு வரும்போது அந்தத் திருத்தத்தை மீண்டும் பொருத்த வேண்டும்; அதற்கடுத்த பதிப்பில் அது பொருந்தாமலும் போகலாம்; அவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டால், எதற்காகச் செய்தார் என்றே தெரியாமல் நிறுவனம் பழைய பதிப்பிலேயே தங்கிவிடும். திருத்தத்தை மூலத்தில் சேர்த்துவிட்டவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இதைப் பலர் தானம் என்று எண்ணுகிறார்கள். எனக்கென்னவோ இது பின்னால் வரும் சொந்த உழைப்பை மிச்சம்பிடிக்கும் அசல் கஞ்சத்தனமாகவே தெரிகிறது.

எந்த மென்பொருள் எங்கே ஓடுகிறது என்ற பட்டியலும் வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தின் (பல மென்பொருள்கள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பின்) பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, பலருக்குத் திருத்துவதைவிட அந்த நூலகம் தங்கள் மென்பொருள்களில் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே பெரும்பாடாக இருந்தது.

மறுபடி முயல்வதானால், மிச்சமாகும் உரிமக் கட்டணத்தில் ஒரு பகுதியை, இதை மட்டுமே கவனிக்கும் ஓரிரு நிரலாளர்களின் சம்பளத்துக்கு ஒதுக்குமாறு நிர்வாகத்திடம் முதலிலேயே கேளுங்கள். மறுத்தால், இப்போதைக்கு மாறாமல் இருப்பதே நல்லது.