பூங்காவில் ஒரு பறவைக் கூட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் காலை நடைப்பயிற்சியின்போது, சிட்டுக்குருவியைக் காட்டிலும் சிறிய பழுப்பு நிறப் பறவைகள் கூட்டமாகப் புல்லில் இறங்குவதைக் காண்கிறேன். சிலவற்றின் மார்பில் செதில் போன்ற வரிகள் உள்ளன, சிலவற்றில் இல்லை. இவை ஃபிஞ்ச் என்கிறான் என் மகன். இரண்டும் வெவ்வேறு இனங்களா?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் வர்ணனைப்படி அவை புள்ளிச் சில்லைகளாகவே இருக்க வேண்டும். வரி உள்ளவை வளர்ந்த பறவைகள். வரியற்றவை, இன்னும் முதிர்ந்த இறகுகள் முளைக்காத இளம்பறவைகள். சிட்டுக்குருவி ஏறத்தாழ 15 செ.மீ. நீளம் இருக்க, சில்லை 11 அல்லது 12 செ.மீ. மட்டுமே. ஆணுக்கும் பெண்ணுக்கும் பார்வைக்கு வேறுபாடு இல்லை. ஆனால், இளம்பறவைகளை மட்டும் கண்டு இனத்தை முடிவு செய்துவிடாதீர்கள். கருந்தலைச் சில்லையின் குஞ்சும் கிட்டத்தட்ட இதே வெளிறிய பழுப்பில்தான் இருக்கும் என்பதால், அவை எந்தப் பெரிய பறவைகளோடு சேர்ந்து மேய்கின்றன என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தொண்டையும் வயிறும் வெண்மையாக, வால் கறுத்துக் கூராக இருந்தால் அது வெண்தொண்டைச் சில்லை. தூக்கணாங்குருவி கைவிட்ட பழைய கூடுகளில் குடியேறும் வழக்கம் அதற்கு உண்டு.

உங்கள் மகன் சொன்னதும் முற்றிலும் பிழையன்று. கூண்டுப் பறவை வளர்ப்போர் கூம்பு அலகு கொண்ட சிறு பறவைகள் பலவற்றையும் ஃபிஞ்ச் என்றே அழைக்கின்றனர். அறிவியல் வகைப்பாட்டில் சில்லைகள் தனிக் குடும்பம். உண்மையான ஃபிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்த ரோஸ்ஃபிஞ்ச் குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறது. திருச்சியின் பூங்காவில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆரஞ்சு அலகும் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டும் கொண்ட சாம்பல் நிறச் சிறு பறவை கண்ணில் பட்டால், அது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வரிக்குதிரை ஃபிஞ்ச். யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பி வந்ததாகத்தான் இருக்கும்.

நிறத்தைவிட நடத்தையைக் கவனிப்பதில்தான் எனக்குச் சுவை அதிகம். சில்லை புல்தண்டில் ஏறி, தன் எடையால் அது வளையும்போதே கதிரை அலகால் உருவி, உமியை நீக்கி மணியை மட்டும் விழுங்கும். மழைக்குப் பின் புல் கதிர்விடும் காலத்தில், தன் உடலைவிட நீண்ட புல்கீற்றொன்றைப் பின்னால் பறக்கவிட்டபடி ஒரு சில்லை செல்லக் கண்டால், அது நுழையும் புதரைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் வாயில் வைத்த பந்து வடிவக் கூடு அங்கே உருவாகிக்கொண்டிருக்கும். அருகே சென்று கிளைகளை விலக்கிப் பார்ப்பது மட்டும் கூடாது.

கேள்வி: பறவை பார்க்க எத்தகைய இருநோக்கி வாங்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: 8x42 என்று குறிக்கப்பட்டது போதும். எட்டு மடங்கு பெருக்கமும் 42 மி.மீ. விட்டமுள்ள முகப்பு வில்லையும் காலையின் மங்கிய ஒளிக்கும் ஏற்றவை. பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: பூங்காவில் தினமும் அரிசி தூவுகிறேன். காகமும் புறாவுமே வருகின்றன. சில்லைகள் வருவதில்லையே, ஏன்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தூவிய அரிசியில் வலுத்தவற்றுக்கே முதலிடம், காகங்கள் பெருகினால் சிறு பறவைகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து கூடும். சில்லைகளுக்கு வேண்டியது நாம் இடும் தானியமன்று, நின்று முற்றிய புல். நம் பூங்காக்களில் புல்லைக் கதிர்விடும் முன்பே ஒட்ட வெட்டுவதைப் பராமரிப்பின் இலக்கணமாகக் கொண்டிருக்கிறார்கள். சில்லைகள் வராததற்கு இதுவே முதல் காரணம் என்பது என் கருத்து. வேலியோரம் ஒரு பகுதியையாவது வெட்டாமல் விடும்படி பூங்காப் பொறுப்பாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். கோடையில் ஆழமற்ற தட்டில் நீர் வைப்பது நல்லது. நாள்தோறும் கழுவி மாற்ற வேண்டும்.

கேள்வி: சந்தையில் பச்சை, சிவப்பு நிறச் சிறு குருவிகளை விற்கிறார்கள். வாங்கிப் பூங்காவில் பறக்கவிடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: வேண்டாம். அவற்றுள் பல, சாயம் பூசப்பட்ட சில்லைகளே. இயற்கையிலேயே சிவந்த ஒன்றும் உண்டு: இனப்பெருக்கக் காலத்தில் வெண்புள்ளிகளோடு செக்கச் சிவக்கும் ஆண் சிவப்புச் சில்லை. எதுவானாலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த வலைக்கே முதலாகும். விற்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். பறவைகளை மீட்டு, சாயம் நீங்கும்வரை பராமரித்துத் தக்க இடத்தில் விடுவது அவர்கள் வழியாக நடக்க வேண்டியது.