தஞ்சாவூர் சுற்றிப் போகும் பாதைக்கு ஏன் 'மெயின் லைன்' என்று பெயர்? தென்னிந்திய ரயில்வே எந்தெந்தக் கம்பெனிகளிலிருந்து வந்தது?

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு வழி. விருத்தாசலம், அரியலூர் வந்தால் கார்டு (chord, குறுக்குவழி) லைன். சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வந்தால் மெயின் லைன். எழும்பூர்–திருச்சி கார்டு வழியில் 337 கி.மீ., மெயின் வழியில் சுமார் 400. நீளமானதற்கு 'மெயின்' என்று பெயர் வந்ததற்குக் காரணம் வயதுதான். கார்டு லைன் 1920களின் இறுதியில்தான் வந்தது. அதுவரை திருச்சிக்குப் போக டெல்டாவைச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

மெயின் லைனிலும் பழைய துண்டு தஞ்சாவூர்–திருச்சி. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற லண்டன் கம்பெனி நாகப்பட்டினம் துறைமுகத்தில் தொடங்கி 1861இல் தஞ்சாவூருக்கும் 1862இல் திருச்சிக்கும் வந்தது. கரூர் வழியாக 1868இல் ஈரோட்டைத் தொட்டு, மெட்ராஸ் ரயில்வே என்ற இன்னொரு கம்பெனியின் பாதையோடு சேர்ந்தது. முழுக்க பிராட் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மி.மீ. அகலம். முதல் போட்டவர்களுக்கு 5 சதவீத வட்டிக்கு அரசு உத்தரவாதம். லாபம் வராவிட்டால் நம் வரிப்பணம்தான் லண்டனுக்குப் போகும்!

இன்னொரு முன்னோடி, இந்தியன் டிராம்வே கம்பெனி. 1865இல் அரக்கோணம்–காஞ்சிபுரம் போட்டது. கேஜ் 3 அடி 6 அங்குலம், பிராட் கேஜிலும் சேராத, பின்னால் வந்த மீட்டர் கேஜிலும் (1000 மி.மீ.) சேராத அளவு. பிறகு கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறியது. 1874இல் இரண்டும் இணைந்ததுதான் தென்னிந்திய ரயில்வே, பழைய ஆட்கள் சொல்லும் எஸ்.ஐ.ஆர்.

இணைந்ததும் கேஜ் பிரச்சினை வந்தது. செலவைக் குறைக்க வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில் மீட்டர் கேஜ் வந்துவிட்டதால் மதுரை, தூத்துக்குடி, சென்னைப் பாதைகள் எல்லாம் அதில்தான் திட்டமிடப்பட்டன. எனவே இருந்த பிராட் கேஜையே குறுக்கினார்கள்: நாகப்பட்டினம்–திருச்சி 1875, திருச்சி–ஈரோடு 1879. குறுக்குவது சுலபம். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே 2.75 மீட்டர் ஸ்லீப்பர் கட்டை கிடக்கிறது, ஒரு தண்டவாளத்தை உள்ளே நகர்த்தி அடித்தால் போதும். பாலமும் மண்மேடும் தாராளமாகவே இருக்கும். வீணாவது என்ஜினும் பெட்டியும்தான். திருப்பி அகலப்படுத்துவதுதான் கஷ்டம். மீட்டர் கேஜ் கட்டை 1.8 மீட்டர்தான் என்பதால் அத்தனையும் மாற்ற வேண்டும், பாலத்தின் கர்டர்களைப் பலப்படுத்தவோ மாற்றவோ வேண்டும், பிளாட்பாரத்தின் ஓரத்தைத் தள்ளிக் கட்ட வேண்டும்.

குறுக்கியதன் விலையை ஈரோடு கொடுத்தது. மெட்ராஸ் ரயில்வே பிராட் கேஜிலேயே இருந்ததால் சரக்கை அங்கே வேகனுக்கு வேகன் மாற்றி ஏற்ற வேண்டியதாயிற்று. கூலியும் சேதமும் தாமதமும் சேர்ந்துகொண்டன. ஈரோடு–திருச்சி கடைசியில் 1929 வாக்கில் மறுபடி பிராட் கேஜானது. தஞ்சாவூர்–திருச்சிக்கு அந்த வாய்ப்பு 1990களின் பிற்பகுதியில்தான் கிடைத்தது. விழுப்புரம்–மயிலாடுதுறைப் பகுதி 2010 வரை காத்திருந்தது. அதற்குள் எஸ்.ஐ.ஆர். இல்லை. 1944இல் அரசு எடுத்துக்கொண்டது, 1951 ஏப்ரல் 14 முதல் தெற்கு ரயில்வே.