கரீபியன் சிறு தொழில்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ய எதில் பணம் போட்டால் பயன்?

நீங்கள் கேட்டது இது: பார்படோஸில் ஓர் ஏற்றுமதி உதவித் திட்டத்தில் வேலைக்குச் சேரப் போகிறீர்கள். கரீபியன் தீவுகளின் சிறு தொழில்கள் ஐரோப்பாவுக்குப் பொருளும் டிஜிட்டல் சேவையும் விற்க, எந்தச் செலவு உண்மையில் உதவும்?

நான் ரோட்டர்டாம் பக்கம் ஓர் உணவு இறக்குமதி நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். சுரினாம், டொமினிகன் குடியரசு, பார்படோஸ் என்று அந்தப் பக்கத்துச் சரக்குகளின் காகிதங்கள் என் மேசைக்கு வரும். அதனால் என் பதில் காகிதக்காரனின் பதிலாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், கண்காட்சியில் ஸ்டால் போடுவதற்கும் பயிற்சிப் பட்டறைக்கும் போகிற பணத்தில் பாதியை எடுத்து, ஐரோப்பிய மண்ணில் பத்திருபது சிறு நிறுவனங்களுக்குப் பொதுவான ஓர் இறக்குமதியாளரை உட்கார வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் சுங்கவரியிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்தப் பிரச்சினை எப்போதோ முடிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் கரீபியன் நாடுகளுக்கும் இடையே 2008 அக்டோபரில் பார்படோஸிலேயே கையெழுத்தான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம், அதே ஆண்டு டிசம்பர் கடைசியிலிருந்து தற்காலிகமாக நடைமுறையில் இருக்கிறது. ஹைட்டி கையெழுத்திட்டும் இன்னும் நடைமுறைப்படுத்தவில்லை. மற்றவர்களின் பொருள்கள் வரி இல்லாமல், அளவுக் கட்டுப்பாடு இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரலாம். சர்க்கரைக்கும் அரிசிக்கும் மட்டும் இருந்த இடைக்கால ஏற்பாடுகளும் முடிந்துவிட்டன. பொருள் அந்த நாட்டில் உருவானது என்று காட்டுவதும் பெரிய வேலை இல்லை. 6,000 யூரோவுக்குள் உள்ள சரக்கு என்றால் ஏற்றுமதியாளரே இன்வாய்ஸில் ஓர் உறுதிமொழி எழுதினால் போதும்.

வாசல் திறந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் சிறு தொழில்கள் ஏன் வரவில்லை? மொத்த ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் இதைத் தேடாதீர்கள், ஏமாற்றும். அதில் ட்ரினிடாட்டின் எரிவாயு, கயானாவின் எண்ணெய், டொமினிகன் குடியரசின் வாழைப்பழம், கோகோ என்று பெரிய ஆள்கள் நிரம்பியிருப்பார்கள். நீங்கள் உதவப் போகிறவர் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு மிளகாய் சாஸ் பாட்டிலில் அடைக்கிற ஒருவர்.

அந்த சாஸையே எடுத்துக்கொள்வோம். பார்படோஸின் மஞ்சள் மிளகாய் சாஸில் கடுகும் மஞ்சளும் சேரும், நல்ல காரம். ஐரோப்பிய விதிப்படி லேபிளில் எடுத்துக்காட்ட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகு ஒன்று. பொருள் பட்டியலில் அது தடித்த எழுத்திலோ வேறு எப்படியாவது தனித்துத் தெரியும்படியோ இருக்க வேண்டும். லேபிள் விற்கிற நாட்டின் மொழியில் இருக்க வேண்டும்: நெதர்லாந்துக்கு டச்சு, ஜெர்மனிக்கு ஜெர்மன். ஊட்டச்சத்து அட்டவணை அமெரிக்கப் பாணியில் இருந்தால் செல்லாது, நூறு கிராமுக்கோ நூறு மில்லிக்கோ கணக்கிட்டு மாற்ற வேண்டும். ஐரோப்பாவில் இருக்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் பாட்டிலில் அச்சாக வேண்டும். சாஸின் அமிலத்தன்மைக்கு ஆய்வக அறிக்கை இல்லாமல் எந்த வாங்குபவரும் பேச்சையே ஆரம்பிக்க மாட்டார்.

இதில் எதுவுமே அநியாயமான விதி இல்லை. சிக்கல் என்னவென்றால், இருநூறு பாட்டில் அனுப்பினாலும் இருபதாயிரம் பாட்டில் அனுப்பினாலும் இந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய கம்பெனிக்கு அது சில்லறை. சின்னவருக்கு அந்த முதல் சரக்கின் லாபம் முழுவதும் அதிலேயே போய்விடும், கையிலிருந்தும் கொஞ்சம் போகும். ஒரு தீவிலிருந்து வந்த இரண்டு பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) சாஸ், லேபிளில் கடுகு தனித்துத் தெரியவில்லை என்பதற்காக எங்கள் கிடங்கிலேயே கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் இங்கே ஆள் வைத்துப் பாட்டில் பாட்டிலாக ஒட்டுகிற கூலி, அந்த சாஸின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

சாஸ் எளிதான ரகம். பால் கலந்த ரம் க்ரீமோ, முட்டையும் பாலும் சேர்ந்த வேறு பானமோ என்றால் கலவை உணவு விதி குறுக்கே வரும். 2021 ஏப்ரலிலிருந்து, அந்தப் பாலும் முட்டையும் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஒரு நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட ஆலையிலிருந்து வந்ததாகக் காட்ட வேண்டும். ஜமைக்காவின் கறுப்பு ஆமணக்கு எண்ணெய், கையால் செய்த சோப்பு இவை அழகுசாதன வகை. அவற்றுக்குப் பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், ஒன்றியத்தின் இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு பொருளையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், இங்கேயே இருந்து பொறுப்பேற்கும் ஒரு நபரோ நிறுவனமோ இருக்க வேண்டும்.

கோகோவில் விஷயம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 2019 ஜனவரியிலிருந்து சாக்லெட்டில் காட்மியம் என்ற நச்சு உலோகத்துக்கு உச்சவரம்பு உண்டு. பாதிக்கு மேல் கோகோ உள்ள டார்க் சாக்லெட்டில் கிலோவுக்கு 0.80 மில்லிகிராம். ட்ரினிடாட் போன்ற இடங்களில் சில தோட்டங்களின் மண்ணிலேயே காட்மியம் கூடுதலாக இருப்பதால், விவசாயி எந்தத் தவறும் செய்யாமலேயே சரக்கு திரும்பிவிடலாம். எந்தத் தோட்டத்துக் கொட்டையில் எவ்வளவு என்று முன்பே சோதித்து, குறைவானதோடு கலந்து தயாரிப்பதுதான் வழி. இத்துடன் காடழிப்புக்கு எதிரான விதி வேறு வருகிறது. அமலாகும் தேதி தள்ளித் தள்ளிப் போகிறது என்றாலும் விதி போய்விடவில்லை. கோகோவும் காப்பியும் விளைந்த நிலத்தின் இருப்பிட ஆயத்தொலைவுகளைக் கேட்பார்கள், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலமாக இருக்கக் கூடாது. சிறு விவசாயிகளின் நிலத்தை இப்போதே அளந்து வைக்க உங்கள் திட்டம் பணம் கொடுத்தால், அது வீண் போகாத செலவு. கோகோவில் நம்பிக்கையே இல்லை என்று சொல்லவில்லை. 1999-ல் தொடங்கிய கிரெனடா சாக்லெட் கம்பெனி, 2012-ல் தன் சாக்லெட்டை எஞ்சின் இல்லாத ட்ரெஸ் ஓம்ப்ரெஸ் என்ற பாய்மரக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அந்தக் கதைக்காகவே கூடுதல் விலை கொடுக்கிற ஆள்கள் இங்கே உண்டு.

பச்சைக் காய்கறி தனி உலகம். சுரினாமிலிருந்து பாகற்காயும், நீளப் பயற்றங்காயும், மதாம் ஜானெட் மிளகாயும் விமானத்தில் ஆம்ஸ்டர்டாம் வரும். நெதர்லாந்தில் சுரினாம் வம்சாவளியினர் லட்சக்கணக்கில் இருப்பதால் வாங்க ஆள் தயார். பாகற்காய்க்கு அந்தக் கடைகளுக்குத்தான் நானும் போகிறேன். இங்கே தடை பூச்சிமருந்து எச்சம். டொமினிகன் குடியரசின் பயற்றங்காயும் மிளகாய் வகைகளும் பல ஆண்டுகள் எல்லையில் கூடுதல் சோதனைப் பட்டியலில் இருந்தன. 2019 டிசம்பரிலிருந்து வாழை, அன்னாசி, தேங்காய், பேரீச்சை, துரியன் தவிர எல்லாப் பழம் காய்க்கும் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். ஒரு தவறான தோட்டம் நாட்டின் பெயரையே பட்டியலில் ஏற்றிவிடும் என்பதால், தனி ஒரு தொழில்முனைவோருக்கு உதவிப் பயனில்லை. அந்த நாட்டின் ஆய்வகத்துக்கும் விவசாய அதிகாரிக்கும் உதவ வேண்டும்.

சரி, பொதுவான இறக்குமதியாளர் என்றால் என்ன செய்வார்? லேபிளில் அச்சாகும் முகவரி அவருடையது. அழகுசாதனத்துக்குப் பொறுப்பேற்பவரும் அவரே. பத்து நிறுவனங்களின் சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்ப்பார், கிடங்கில் வைப்பார், கடைகள் கேட்கும்போது ஒரு பெட்டி இரண்டு பெட்டி என்று கொடுப்பார். சிறு கடைக்காரர் ஒருபோதும் ஒரு பேலட் கேட்க மாட்டார், பன்னிரண்டு பாட்டில்தான் கேட்பார். கொலோனில் நடக்கும் அனுகா, பாரிஸின் சியால் மாதிரியான கண்காட்சிகளுக்குப் போய்வரும் சின்ன நிறுவனங்கள் விசிட்டிங் கார்டு நிறையச் சேர்த்துக்கொண்டு திரும்புவார்கள். அந்தக் கார்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் சரக்கு ஐரோப்பாவில் எந்தக் கிடங்கில் இருக்கிறது?" என்பதுதான். அதற்குப் பதில் இருந்தால் கண்காட்சிக்குப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஏற்பாடு மானியத்திலேயே என்றென்றும் ஓடக் கூடாது. மூன்று நான்கு ஆண்டுகளில் கமிஷனில் ஓடும்படி கணக்குப் போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் அதிகம் பேசாதது. ஐரோப்பிய ஒன்றியம் கரீபியனுக்குள்ளேயே இருக்கிறது. குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் பிரான்ஸின் பகுதிகள், ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் உள்ளவை. செயின்ட் லூசியாவின் வடமுனையில் நின்றால் தெளிவான நாளில் மார்ட்டினிக் தெரியும், டொமினிக்கா குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. பயணிகள் படகு ஓடுகிறது, செயின்ட் லூசியாவிலும் டொமினிக்காவிலும் பேசுகிற கிரியோல் அங்கேயும் புரியும். (1853-லிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிப் போன நம் ஆள்களின் வாரிசுகளும் அங்கேதான் இருக்கிறார்கள்.) பிரெஞ்சு லேபிள், அழகுசாதன விதி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம், தவறு நடந்தால் கப்பல் கூலியில் மூழ்க வேண்டியதில்லை. ஒக்ட்ருவா த மேர் என்று அங்கே தனியாக ஒரு கடல்வழி வரி உண்டு, அதை விலையில் சேர்த்துப் பார்த்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

டிஜிட்டல் சேவைக்கு வருவோம். இதில் கன்டெய்னர் இல்லை, ஆனால் பணம் வந்து சேர்வது பெரும்பாடு. இணையத்தில் பணம் வாங்க உதவும் ஸ்ட்ரைப் சேவை பெரும்பாலான தீவுகளில் நேரடியாகக் கிடைக்காது. அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகள் ஆபத்தைக் குறைக்கிறோம் என்று கரீபியன் வங்கிகளோடு உறவைத் துண்டித்துக்கொண்டே வந்ததால், சாதாரண வயர் டிரான்ஸ்ஃபருக்கும் கட்டணம் அதிகம், தாமதமும் உண்டு. பலர் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்திலோ, வெளிநாட்டவருக்கான இ-ரெசிடென்சி என்ற டிஜிட்டல் அடையாளம் வழியாக எஸ்டோனியாவிலோ ஒரு கம்பெனி பதிந்துகொள்கிறார்கள். நடைமுறையில் இது வேலை செய்கிறது. ஆனால் அப்போது ஏற்றுமதி அமெரிக்காவின் அல்லது எஸ்டோனியாவின் கணக்கில்தான் ஏறும், உங்கள் திட்ட அறிக்கையில் எப்படிக் காட்டுவீர்கள் என்பது உங்கள் தலைவலி.

வரியில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். ஐரோப்பிய நிறுவனத்துக்கு வேலை செய்தால் மதிப்புக் கூட்டு வரியைப் பொதுவாக வாங்குபவரே கணக்கில் காட்டுவார், கரீபியன் டிசைனருக்கு வேலை இல்லை. தனிநபருக்கு ஆப், ஆன்லைன் கோர்ஸ் என்று விற்றால் முதல் விற்பனையிலிருந்தே வாடிக்கையாளர் இருக்கும் நாட்டின் வரி உண்டு. ஒரே ஒரு நாட்டில் பதிந்து எல்லாவற்றையும் கட்டும் வசதி இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், வரியைத் தானே பிடித்துக் கட்டுகிற ஆப் ஸ்டோர் போன்ற தளத்தில் விற்கட்டும்.

அப்புறம் தரவுப் பாதுகாப்பு. பார்படோஸின் சட்டம் 2019-லும் ஜமைக்காவின் சட்டம் 2020-லும் வந்தன. இருந்தாலும் சுதந்திர கரீபியன் நாடு எதற்கும் ஐரோப்பிய ஆணையம் 'போதுமான பாதுகாப்பு உள்ள நாடு' என்ற அங்கீகாரம் தரவில்லை. அதனால் வாடிக்கையாளர் தரவைத் தொடுகிற வேலை என்றால் ஒப்பந்தத்தில் ஐரோப்பிய ஆணையத்தின் நிலையான ஷரத்துகள் சேர வேண்டும். ஒரு வழக்கறிஞரை வைத்து ஒரு முறை நன்றாகத் தயாரித்து எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். அனிமேஷன், வடிவமைப்பு மாதிரித் தரவு குறைவான வேலைகளில் ஆரம்பிப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்களைத்தான் நான் முதலில் அனுப்புவேன்.

நேரில் போய்ப் பேச வேண்டும் என்றால் பாஸ்போர்ட் எந்த நாடு என்று பாருங்கள். பார்படோஸ், ட்ரினிடாட், செயின்ட் லூசியாக்காரர்களுக்கு ஷெங்கனில் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் பகுதி) குறுகிய காலத்துக்கு விசா வேண்டாம். ஜமைக்கா, கயானா, டொமினிகன் குடியரசுக்காரர்களுக்கு வேண்டும். 2008 ஒப்பந்தம் சேவைத் துறையினர் வந்து வேலை செய்ய நிறையக் கதவுகளைத் திறந்தது, கலைஞர்களுக்கும் சேர்த்து. விசா கவுன்டரில் இருப்பவர் அதைப் படித்திருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பிரிட்டனை மறந்துவிடாதீர்கள். கரீபியன் வம்சாவளிச் சந்தையில் பெரும்பகுதி அங்கேதான். ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கு முன்பே, 2019-ல் செயின்ட் லூசியாவில் அவர்கள் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், வரிச் சலுகை தொடர்கிறது. ஆனால் முகவரி, அழகுசாதனப் பொறுப்பாளர் எல்லாம் அங்கே தனியாக வேண்டும். ஆங்கில லேபிள் போதும் என்பதால் சாஸ்காரர்களை முதலில் லண்டனுக்கே அனுப்பலாம் என்பது என் எண்ணம்.

ரம் பற்றி எழுதவில்லை. ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இங்கே ரம் என்றே விற்க முடியாது, சேர்க்கும் இனிப்புக்கும் லிட்டருக்கு 20 கிராம் வரம்பு, கலால் வரி நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் பட்டியலில் ரம்காரர்கள் இருந்தால் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.