லே போகும் பாதை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: மணாலியிலிருந்து லே 430 கி.மீ. தானே? நடுவில் சர்ச்சுவில் ஒரு ராத்திரி தங்கிப் போய்விடலாமா? எட்டு வயதுப் பையனும் வருகிறான்.

வேண்டாம். தூரத்தை விடுங்கள், படுக்கும் உயரத்தைப் பாருங்கள். மணாலி 2,000 மீட்டர், சர்ச்சு 4,300. காலையில் கீழே இருந்த உடம்பை ராத்திரி அங்கே படுக்கவைப்பது கொடுமை. பாதி வழியில் இருக்கிறது என்பதற்காகவே அங்கே கூடாரம் போட்டுக் கொடுக்கிறார்கள், நம் ஆட்களும் குழந்தைகளோடு போய் இறங்குகிறார்கள். வருஷா வருஷம் எனக்கு இது வயிற்றெரிச்சல். ஒரு ஜூலையில் பக்கத்துக் கூடாரத்துச் சிறுவன் ராத்திரி இரண்டு மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அவனுக்கு வாங்கிய சிப்ஸ் பாக்கெட் காற்றழுத்தம் குறைந்து தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது, அவன் தொடவே இல்லை. உடனே கீழே கொண்டுபோகலாம் என்றால் மணாலிப் பக்கம் பாரலாச்சா லா ('லா' என்றால் கணவாய்) 4,900 மீட்டர். லே பக்கமும் 4,700-க்கு மேல் ஒரு கணவாய். அந்த ஊரிலிருந்து இறங்குவதற்கே முதலில் ஏற வேண்டும்!

சர்ச்சுவுக்கு முன்னாலேயே வரும் ஜிஸ்பாவில் (3,200) இரண்டு ராத்திரி தங்குங்கள். மூன்றாம் நாள் விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் லே. தங்லாங் லா 5,300 மீட்டர்தான், ஆனால் அதைத் தாண்டிப் போய் 3,500-ல் தூங்குகிறீர்கள். ஸ்ரீநகர், கார்கில் வழியாக ஏறி, மணாலி வழியாகத் திரும்பினால் இன்னும் நல்லது. உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் குழந்தை மருத்துவரிடம் ஊரிலேயே கேளுங்கள். தலைவலியோடு மேலே ஏறாதீர்கள்.

கே: சாலையில் ஓடும் தண்ணீரைச் சின்ன கார் தாண்டுமா?

காலையில் தாண்டும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகுகிறது. காலை ஏழுக்குக் கணுக்கால் அளவு இருந்த ஓடை, மாலை நாலுக்குச் சக்கரத்தை மூழ்கடிக்கும். அதனால்தான் விடிகாலையில் கிளம்பச் சொல்கிறேன். முன்னால் போகும் லாரி எந்தத் தடத்தில் போகிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கே: லடாக் போக எவ்வளவு ஆகும்?

எத்தனை பேர், எந்த மாதம், சொந்த வண்டியா, எத்தனை நாள்? ஒன்றுமே எழுதவில்லையே. அதையெல்லாம் எழுதி அனுப்புங்கள், அப்புறம் சொல்கிறேன்.

கே: பெட்ரோல்?

மணாலியிலிருந்து போகும்போது ஜிஸ்பாவுக்கு முன்னால் வரும் தாண்டி என்ற ஊரில் டேங்க்கை நிரப்புங்கள். அதற்கப்புறம் 350 கி.மீ.க்கு எந்த பங்க்கையும் நம்பாதீர்கள். பைக் என்றால் கேனில் ஐந்து லிட்டர் கூடுதலாக.

கே: காரில் இருந்தபடியே பனியாற்றைப் பார்க்க முடியுமா?

முடியும். கார்கிலில் இருந்து சன்ஸ்கர் போகும் சாலையில், 4,400 மீட்டரில் இருக்கும் பென்சி லா ஏறுங்கள். ட்ராங் ட்ருங் பனியாறு கண்முன்னே வளைந்து இறங்கும், நீளம் இருபது கிலோமீட்டருக்கு மேல். சாலையோரம் நின்றே பாருங்கள். படத்துக்காகப் பனிமேல் நடக்காதீர்கள், வெடிப்புகளைப் புதுப்பனி மூடியிருக்கும். அங்கேயும் தலைவலியோடு ஏற வேண்டாம்.

கே: சிம்?

நம் ஊர் ப்ரீபெய்ட் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்ட் கொண்டு போங்கள்.